எஃப் வரிசையில் கொஞ்சம் குளிர்

டிசம்பர் 17, புதன்

'ஃப்ரிக்ஷன்', 'ஃப்ரிட்ஜ்', 'ஃப்ரெண்ட்' எல்லாம் முடிந்து, 'ஃப்ரிகேட்' என்ற போர்க்கப்பலையும் கரை சேர்த்துவிட்டு, சாயங்காலம் 'ஃப்ரிஜிட்'டுக்கு வந்தேன். பழைய பதிப்பில் இருப்பது ஒரே வரி: மிகக் குளிர்ந்த, அன்பற்ற, விறைப்பான, (பெண்ணைக் குறித்து) காம உணர்ச்சி அற்ற.

இந்த அகராதியைத் திருத்தக் கொடுத்தபோதே பதிப்பகத் தம்பி சொல்லிவிட்டார்: "தேவைப்பட்டா மட்டும் கை வைங்க மேடம். ஒரு சொல்லுக்கு நாலு வரி, அதுக்கு மேல போனா பக்கம் ஏறிடும்." இதில் கை வைக்காமலே தாண்டியிருப்பேன். அந்த அடைப்புக்குறிதான் விடவில்லை. பெண்ணைக் குறித்து மட்டுமாம். ஆண் குளிர மாட்டானா?

சாமுவேல் ஜான்சன் 1755-ல் போட்ட அகராதியைப் புரட்டினேன். அங்கே இந்தச் சொல்லுக்கு நாலு பொருள். குளிர்ந்தது, பாசத்தில் சூடு இல்லாதது, உடம்பில் சூடு இல்லாமல் ஆண்மை அற்றது, கற்பனையில் நெருப்பு இல்லாமல் மந்தமானது. மூன்றாவதைத் திரும்பவும் படித்தேன். பெண் என்ற பேச்சே இல்லை. நம்முடைய பழைய பதிப்பில் இருப்பதற்கு நேர் எதிர். நடுவில் என்னவோ நடந்திருக்கிறது.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் ரோஜே. பீட்டர் மார்க் ரோஜே மருத்துவர். தன்னுடைய ஒருபொருட்சொல் தொகுதியை 1852-ல் வெளியிட்டபோது வயது எழுபத்து மூன்று. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஆயிரம் தலைப்புக்குள் அடக்கியவர், குளிரை மட்டும் ஒரே இடத்தில் அடக்கவில்லை. பொருள்களின் பகுதியில் சூட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு குளிர். வெகுதூரம் தள்ளி மன உணர்ச்சிகளின் பகுதியில், உணர்ச்சியின்மைக்குக் கீழே இன்னொரு குளிர். மருத்துவர் அல்லவா, வானிலையையும் சுபாவத்தையும் ஒரே சீட்டில் எழுதவில்லை.

இந்தப் பட்டியல்களில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. சொல்லை ஏற்கெனவே அறிந்தவனுக்குத்தான் அவை உதவும். கற்றுக்கொள்கிற பிள்ளை 'கூல், சில்லி, நிப்பி, ஃப்ராஸ்டி, ஐஸி, ஃப்ரிஜிட்' என்று வரிசையாகப் பார்த்தால் எதை எடுத்தாலும் ஒன்று என்று நினைக்கும். திருவல்லிக்கேணியில் இன்று விடிகாலை கோலம் போடும்போது இருந்தது 'நிப்பி'. லேசாகக் கிள்ளும், அவ்வளவுதான். ஊட்டியில் புல்மேல் உறைபனி படிகிற ஜனவரி விடியலுக்கு 'ஃப்ராஸ்டி' அப்படியே பொருந்தும். 'ஃப்ரிஜிட்' என்றால் மனிதன் வெளியே நிற்கக் கூடாத குளிர். பூமியை ஐந்து பட்டையாகப் பிரித்த பழைய நில நூல்காரர்கள் துருவ வட்டத்துக்கு அப்பால், அறுபத்தாறரை பாகைக்கு மேல் உள்ளதற்குத்தான் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். சென்னை மார்கழிக்கு அதைச் சொன்னால் ஸ்வெட்டர் விற்கிறவர்கூடச் சிரிப்பார்.

'கோல்ட்', 'கூல்', 'சில்' மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஜெர்மானிய வழி. லத்தீனில் அவற்றுக்கு ஒரு பங்காளி உண்டு, 'ஜெலிட்'. பனியில் உறைந்த என்று பொருள். கவிஞர்களைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அதே வேரில் பிறந்த 'ஜெல்லி' எல்லாக் குழந்தைகள் வாயிலும் இருக்கிறது. 'ஆல்ஜிட்' இன்னும் அபூர்வம்; காலராவில் நாடி விழுந்து உடம்பு சில்லிட்டுப் போகிற கட்டத்துக்கு 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் வைத்த பெயர். நம் அகராதியில் அது இல்லை. சேர்க்கவும் வேண்டாம்.

ஒட்டாமல் இருப்பவரைச் சொல்லும் 'அலூஃப்'பில் குளிரே கிடையாது, மாலுமிப் பேச்சு. பாறைக்கரையில் மோதாமல் கப்பலின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி விலகிப் போவது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. விலகிப் போகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்தச் சொல்லாவது ஒப்புக்கொள்கிறது.

டிசம்பர் 20, சனி

வேலை ஓடவில்லை. ஃப்ரிட்ஜும் ஓடவில்லை. அதாவது ஓடுகிறது, குளிரவில்லை. நேற்று வைத்த பால் திரிந்துவிட்டது. மெக்கானிக் பையன் வந்து பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தான். "கம்ப்ரசர் ஓடுதும்மா, கூலிங் ஏறல. கேஸ் போயிடுச்சு. எங்க லீக்குன்னு பார்த்து அடைச்சுட்டு, வேக்கம் போட்டுத்தான் புது கேஸ் ஏத்தணும்." சோப்பு நுரையைக் குழாய் முழுக்கத் தடவி, குமிழி எங்கே வருகிறது என்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வளைவில் கடுகளவு குமிழி வந்தது. பிடித்துவிட்டான்.

இந்தப் பெட்டியின் பெயரும் என் சொல்லின் தம்பிதான். லத்தீனில் 'ஃப்ரிகுஸ்' என்றால் குளிர்; அதிலிருந்து 'ரெஃப்ரிஜரேட்டர்'. 1916-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் வேய்ன் ஊரில் தொடங்கிய ஒரு கம்பெனியை 1918-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் வில்லியம் டூரண்ட் வாங்கி 'ஃப்ரிஜிடேர்' என்று பெயர் மாற்றினார். கார் செய்கிறவர்கள் குளிர்ப்பெட்டியும் விற்றார்கள். அமெரிக்காவில் யார் வீட்டுப் பெட்டியையும் ஃப்ரிஜிடேர் என்றே சொல்லும் அளவுக்குப் பெயர் நிலைத்தது. கடுங்குளிர் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் அது வசதியாகிவிடுகிறது.

எங்கள் பேட்டைக்கு அந்த வசதி அதற்கு முன்பே கப்பலில் வந்தது. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து, ஃப்ரெடரிக் டூடர் 1842-ல் கடற்கரையோரம் கட்டிய கிடங்கில் இறக்கினார். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யக் கற்றுக்கொண்டதும் அந்த வியாபாரம் படுத்தது. 1897-ல் விவேகானந்தர் தங்கிய பிறகு கட்டடத்துக்கு வேறு மரியாதை வந்து, இப்போது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டருக்கு மட்டும் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான்.

டிசம்பர் 22, திங்கள்

ஜான்சனின் நாலாவது பொருள், மந்தமான எழுத்து. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அரிஸ்டாட்டிலிடம் போய் நிற்கிறது. பேச்சுக்கலை பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் 'குளிர்ந்த நடை' என்று ஒரு குற்றம் சொல்கிறார். நாலு காரணம்: அளவுக்கு மீறிய கூட்டுச்சொல், யாருக்கும் புரியாத அருஞ்சொல், பொருந்தாத அடைமொழி, பொருந்தாத உருவகம். அல்சிடமாஸ் என்ற பேச்சாளரை வறுத்து எடுக்கிறார். அந்த மனுஷன் அடைமொழியைத் தாளிதமாகப் போடாமல் அதையே சோறாகப் போட்டாராம்.

நேற்று சபாவில் கச்சேரிக்கு முன்னால் பாடகரை அறிமுகம் செய்தவரை அரிஸ்டாட்டில் கேட்டிருக்க வேண்டும். 'இசைக்கடலே, சுருதிச் சுடரே, லயச் சிகரமே' என்று அடுக்கிக்கொண்டே போனார். பாடகர் தம்புராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்து மாமி கேன்டீனுக்கே போய் வந்துவிட்டாள்.

புளூடார்க் சொல்வது இன்னும் ருசி. அலெக்சாண்டர் பிறந்த அன்று எபேசஸில் ஆர்ட்டெமிஸ் கோயில் எரிந்துபோனது. பேறுகாலத்துக்கும் தெய்வம் அவள்தான். அலெக்சாண்டரைப் பிறப்பிக்க அவள் போயிருந்ததால் கோயில் எரிந்ததில் வியப்பில்லை என்று ஹெகேசியாஸ் என்பவர் ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டார். அந்த ஜோக்கின் குளிரே தீயை அணைத்திருக்கும் என்கிறார் புளூடார்க். இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் 'மொக்கை' என்பார்கள். பழைய பதிப்பில் இந்தப் பொருள் இல்லவே இல்லை. எனக்கு இதை உள்ளே கொண்டுவர ஆசை.

டிசம்பர் 26, வெள்ளி

ஜான்சனின் மூன்றாவது பொருளைத் துரத்திக்கொண்டு திருச்சபைச் சட்டத்துக்குள் விழுந்தேன். சாப்பாட்டு நேரம் தெரியவில்லை.

போப் ஒன்பதாம் கிரிகோரி 1234-ல் வெளியிட்ட சட்டத் தொகுதியின் நாலாம் புத்தகம் திருமணம் பற்றியது. அதில் ஒரு தலைப்பே 'குளிர்ந்தவர்கள், சூனியம் வைக்கப்பட்டவர்கள்' என்று தொடங்குகிறது. குளிர்ந்தவன் என்றால் இயற்கையிலேயே ஆண்மையற்றவன். சூனியம் வைக்கப்பட்டவன் என்றால் மந்திரத்தால் கட்டுப்பட்டவன். முதல்வனின் திருமணம் செல்லாது. இரண்டாமவனுக்கு விமோசனம் உண்டா என்று பார்ப்பார்கள். மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. பெண் பக்கத்துக் குறைக்கு அங்கே வேறு சொல்; குளிர் என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேலன் வழி வந்த மருத்துவத்தில் ஆணின் உடம்பு சூடும் வறட்சியும், பெண்ணின் உடம்பு குளிர்ச்சியும் ஈரமும். பெண் குளிர்ந்தவள் என்பது அவர்களுக்கு நோயே இல்லை. தண்ணீர் நனைக்கும் என்பதைப்போல ஒரு சாதாரணச் செய்தி. சூடு இருக்க வேண்டிய ஆணிடம் அது இல்லாவிட்டால்தான் வழக்கு.

வழக்கும் எப்படிப்பட்ட வழக்கு! பிரான்சில் 'காங்கிரஸ்' என்று ஒரு சோதனை நடத்தினார்கள். தம்பதியைக் கட்டிலில் விட்டுத் திரை போட்டுவிட்டு, மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் காத்திருந்து தீர்ப்புக்குச் சாட்சி சொல்வார்கள். 1659-ல் லாங்கே என்ற பிரபு இதில் தோற்றார். பாரிஸே சிரித்தது. திருமணம் ரத்து. அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு ஏழு பிள்ளை பெற்றார். சட்டம் வெட்கப்பட்டு 1677-ல் இந்தச் சோதனையை ஒழித்தது. காத்திருக்கிற கூட்டத்துக்கு நடுவே யாருக்குத்தான் சூடு வரும் என்று ஒரு நீதிபதிக்கும் அதுவரை தோன்றவில்லை. இங்கிலாந்தில் 1613-ல் எசெக்ஸ் பிரபு, மற்றப் பெண்களிடம் குறையில்லை, இவளிடம் மட்டும்தான் முடியவில்லை என்று சொன்னார். ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் அந்தத் திருமணமும் ரத்தானது.

டிசம்பர் 28, ஞாயிறு

வக்கீல் தோழி வந்திருந்தாள். குடும்ப நீதிமன்றத்தில் பல வருஷமாக வாதாடுகிறவள். ஃப்ரிஜிட் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதை ஏன் கேக்கறே. கட்சிக்காரன் தமிழ்ல சொல்லுவான். முகம் கொடுத்துப் பேச மாட்டா மேடம்பான். எங்க அம்மாகிட்ட ஒட்ட மாட்டா. ராத்திரியில கட்டை மாதிரி கிடக்கறா, ஜடம். இதைத்தான் சொல்லுவான். மனு இங்கிலீஷ்ல டைப் ஆகி வரும்போது எதிர்மனுதாரர் ஒரு ஃப்ரிஜிட் லேடின்னு வந்துடும்."

"ஒரு வார்த்தைதானே?"

"வார்த்தை மாறினா பிரிவே மாறுதுடி. பேச மாட்டா, ஒட்ட மாட்டான்னா அது கொடுமைன்னு விவாகரத்து கேக்கற சமாச்சாரம், பதிமூணாவது பிரிவு. ஃப்ரிஜிட்னு எழுதினா பன்னெண்டாவது பிரிவு வரைக்கும் இழுக்கலாம். கல்யாணமே செல்லாதுன்னு கேக்கலாம். அப்புறம் மருத்துவப் பரிசோதனைக்கு மனுப் போடுவான். அந்தப் பொண்ணு எங்கேயாவது வாயைத் திறந்து நான் ஏன் பேசலைன்னு சொல்லியிருக்காளா? அதுக்குப் பத்தி கிடையாது."

1955 இந்துத் திருமணச் சட்டத்தின் அந்தப் பன்னிரண்டாம் பிரிவை எடுத்துப் பார்த்தேன். 1976 திருத்தத்துக்குப் பிறகு, எதிர்த்தரப்பின் இயலாமையால் திருமண உறவு நிறைவேறவில்லை என்றால் செல்லாமல் ஆக்கலாம் என்று இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் பொது. ஃப்ரிஜிட் என்ற சொல் அதில் இல்லை. சட்டம் சொல்லாததை டைப் அடிக்கிறவர் சொல்கிறார். டைப் அடிக்கிறவரின் மேஜையில் எங்கள் அகராதி மாதிரி ஒன்று இருக்கும்.

தோழி போகும்போது இன்னொன்று சொன்னாள். "ஆம்பளை பேசலைன்னா அழுத்தக்காரன், ரிசர்வ்டு. அதுக்குப் பிரிவே கிடையாது."

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. விடியுமுன்னே தெருவெல்லாம் தடுப்புக் கட்டை. எங்கள் வீட்டு வாசலைத் தாண்ட ஆதார் அட்டை காட்ட வேண்டியிருந்தது. பார்த்தசாரதியைத் தூரத்திலிருந்து சேவித்தேன். 'கண் குளிர சேவிச்சேளா?' என்று எதிர்வீட்டு மாமி கேட்டாள். கழுத்தை நீட்டிப் பார்த்ததில் கண் சுளுக்கியதுதான் மிச்சம். வேலை ஒன்றும் இல்லை.

ஜனவரி 2, வெள்ளி

நடுவில் நடந்தது தெரிந்துவிட்டது.

சூடும் குளிர்ச்சியும் வைத்து உடம்பைப் படித்த மருத்துவம் போன பிறகும் சொல் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடித்தது. ஆணுக்கு 'இம்பொடன்ஸ்' என்று தனிப் பெயர் நிலைத்துவிட்டது. ஃப்ராய்டு 1905-ல் எழுதிய கட்டுரைகளில், பெண்ணின் இன்பம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற வேண்டும், மாறாவிட்டால் அவள் வளர்ச்சி நின்றுவிட்டது என்று ஒரு கொள்கையைப் போட்டார். அவரிடம் பயின்று பிறகு பிரிந்துபோன வில்ஹெல்ம் ஷ்டெகல், பெண்களின் குளிர்ச்சி பற்றித் தனிப் புத்தகமே 1920-ல் எழுதினார். இயல்பாக இருந்த குளிர் இப்போது நோய். ஒருத்தி கணவனிடம் ஏன் நெருங்கவில்லை என்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். நோயின் பெயர் வந்ததும் நூறும் ஒன்றாகிவிடும்.

ஆயிரக்கணக்கான பெண்களைப் பேட்டி கண்டு 1953-ல் நூல் வெளியிட்ட கின்சி இந்தச் சொல் தனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். 1970-ல் ஆன் கோட் என்ற பெண்ணியவாதி தன் புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவர்கள் பெண்களைக் குளிர்ந்தவர்கள் என்றது உடற்கூறே தெரியாமல் என்று போட்டு உடைத்தார். மருத்துவத்திலிருந்து சொல் மெல்ல விலகியது. வசவாக மட்டும் மிஞ்சிவிட்டது.

இதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல் 'சாங் ஃப்ருவா'. குளிர்ந்த ரத்தம். குண்டு பாயும்போது கை நடுங்காத தளபதிக்கு, கடைசி நிமிஷத்தில் பதறாத ஆட்டக்காரனுக்குச் சூட்டுகிற பாராட்டு. ஒரே குளிர்தான். போர்க்களத்தில் நின்றால் பதக்கம், படுக்கையறையில் இருந்தால் மனு. பழைய பதிப்பில் 'எஸ்' வரிசையில் அதைப் பார்த்தேன்: 'மன உறுதி, நிதானம்'. அங்கே அடைப்புக்குறி எதுவும் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

எழுதி அனுப்பினேன்.

ஒன்று: (வானிலை, இடம்) கடுங்குளிரான. இரண்டு: (முகம், பேச்சு, வரவேற்பு) முகம் கொடுக்காத, விறைப்பான. மூன்று: (எழுத்து, பேச்சு, பழைய வழக்கு) உயிரில்லாத, சப்பென்ற. நான்கு: (இழிவு வழக்கு) பாலுறவில் நாட்டமற்றவர் என்று ஒருவரை, பெரும்பாலும் பெண்ணை, குறைசொல்லும் சொல், முன்னாளில் ஆண்மையற்ற ஆணைக் குறித்தது, இன்று மருத்துவச் சொல் அன்று.

பத்து நிமிஷத்தில் தம்பியின் போன். "மேடம், ஆறு வரி வருது."

"பழையதை அப்படியே விட்டா ஒரு வரிதான் வரும். ஆனா அது தப்பான வரி."

"நாலாவது இருக்கட்டும், புரியுது. மூணாவதை எடுத்துடலாமா? அரிஸ்டாட்டிலை யாரு மேடம் இப்ப படிக்கிறாங்க?"

கொஞ்ச நேரம் பேரம். ஹெகேசியாஸின் ஜோக்கைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, அதாவது புளூடார்க் சரி. கடைசியில் மூன்றாவதை விட்டுக்கொடுத்தேன், மனசில்லாமல்தான். பதிலுக்கு 'ஆண்', 'பெண்' என்று அடைப்புக்குறி போட்ட சொற்களையெல்லாம் இன்னொரு தரம் பார்க்க அனுமதி வாங்கினேன். 'ஹிஸ்டீரியா' என்னவாக இருக்கிறது என்று இப்போதே எட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கு நாலு வரி போதாது.

அடுத்தது 'ஃப்ரில்'. பழைய பதிப்பு 'சுருக்கு மடிப்பு விளிம்பணி' என்கிறது. பெரிய தெரு டெய்லரிடம் பேத்தியின் கவுனுக்கு விளிம்பணி வைக்கச் சொன்னால் என்னை மேலும் கீழும் பார்ப்பார். ஃப்ரில் என்றே விட்டுவிட்டேன்.